முதல் ஆர்சி விமானம்: சன்பேக் ஷீட்டா, தெர்மாகோலா?

ரிமோட்டில் பறக்கும் ஆர்சி விமானத்தைச் சொந்தக் கையால் செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். எதில் செய்வது? ஒருவர் தெர்மாகோல் என்பார், இன்னொருவர் சன்பேக் ஷீட் என்பார், பழைய ஆட்கள் பால்சா மரம் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் மூன்றிலும் செய்திருக்கிறேன், மூன்றையும் தரையில் மோதியும் இருக்கிறேன். கற்றுத் தர ஆளில்லாமல், செலவும் அதிகம் ஆகாமல் தொடங்குகிறவருக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். உடலை எதில் செய்தாலும் உள்ளே போகும் எலக்ட்ரானிக்ஸ் ஒன்றுதான். 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) 2212 அளவு மோட்டார், 10 அங்குல ப்ரொபெல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ஒரு ரிசீவர். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 330 கிராம் வரும். பணத்தில் பெரும்பகுதி இதற்கும் ரிமோட்டுக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது. இதன் பக்கத்தில் ஷீட்டின் விலை ஒரு பொருட்டே இல்லை. அதனால் "மலிவு" என்றால் ஷீட் எவ்வளவு மலிவு என்று பார்க்கக் கூடாது. விழும்போது உள்ளே இருக்கும் இந்தச் சாமான்களை எது காப்பாற்றுகிறது, அதே மாலையில் எது மறுபடி பறக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சன்பேக் என்று நம் கடைகளில் சொல்வது பாலிப்ரோப்பிலீன் ஷீட். ஆர்சி ஆட்கள் இதைக் கோரோ என்பார்கள். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே சின்னச் சின்னக் குழல்கள் வரிசையாக ஓடும். மனை விற்பனை போர்டு, தேர்தல் போர்டு எல்லாம் இதில்தான் அடிக்கிறார்கள். அமெரிக்காவில் இதை வைத்தே ஒரு தனி வழி உருவானது. எளிய பிளாஸ்டிக் விமான வடிவமைப்பு என்ற பொருள் வரும் பெயரைச் சுருக்கி அதை 'ஸ்பேட்' என்கிறார்கள். மழைநீர் இறங்கும் பிவிசி குழாய்தான் உடல், மடித்த கோரோ ஷீட் இறக்கை, கேபிள் டையும் ரப்பர் பேண்டும் இணைப்பு. நம் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் விமானப் பயிலரங்குகளிலும் கோரோ விமானம்தான் நிறையக் கண்ணில் படும்.

கடையில் கேட்கும்போது கவனம். சன்பேக்குக்குப் பதிலாக சன்போர்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சன்போர்டு என்பது கெட்டியான பிவிசி நுரைப் பலகை, எடை மிக அதிகம், விமானத்துக்கு ஆகாது. குறுக்கே வெட்டிய ஓரத்தில் குழல்கள் தெரிந்தால்தான் சன்பேக். 2 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். 4 மில்லிமீட்டர் ஷீட் பெரிய எஞ்சின் வைத்த விமானங்களுக்கு.

நுரைப் பக்கம் வந்தால் அது ஒரு பெரிய குடும்பம். பொட்டிக்குள் வரும் மணி மணியான தெர்மாகோல், மணியில்லாத வழவழப்பான டெப்ரான், இருபுறமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டு. அமெரிக்காவில் ஃப்ளைட் டெஸ்ட் குழு ஃபோம் போர்டில் செய்யும் விமானங்களுக்கு இலவச வரைபடங்கள் தருகிறார்கள், உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். அந்த வரைபடங்கள் முதலில் அங்கே டாலர் ட்ரீ கடைகளில் கிடைத்த லேசான போர்டை வைத்துப் போட்டவை. நம் ஸ்டேஷனரி கடைப் போர்டு தடித்த தாளோடு கனமாக இருந்தால் அதே வரைபடத்தில் செய்தாலும் விமானம் எடை கூடிவிடும். வாங்கும் முன் ஒன்றைக் கையில் தூக்கிப் பாருங்கள்.

எடைக் கணக்கு

சன்பேக் 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 350 கிராம். டெப்ரான் 3 மில்லிமீட்டர் ஷீட் 110 கிராம் அளவில் நின்றுவிடும். நுரைக்குச் சாதகமான எல்லாமும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஒரே அளவில் இரண்டு விமானம் வைத்துக்கொள்வோம். 120 சென்டிமீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கை. நுரையில் செய்தால் பேட்டரியோடு 700 கிராமில் முடிக்கலாம். சன்பேக்கில் 1100 கிராமுக்குக் குறைப்பது கஷ்டம். காற்றில் நிற்க முடியாமல் விழும் வேகம், அதாவது ஸ்டால் வேகம், எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். நுரை விமானம் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர் வரை மெதுவாக வரும். சன்பேக் விமானத்தை 28-க்குக் கீழே இறக்க முடியாது. 5 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். தரையிறக்கும்போது விமானம் உங்களை நோக்கி வரும், இடது வலது மாறித் தெரியும். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் இந்த 5 கிலோமீட்டர் ரொம்பப் பெரிசு.

இன்னொன்று, எடையும் வேகமும் சேர்ந்து கூடுவதால், அந்தக் குறைந்தபட்ச வேகத்திலேயே சன்பேக் விமானம் மோதும் ஆற்றல் நுரை விமானத்தைப் போல இரண்டரை மடங்கு. விமானம் பிழைத்துக்கொள்ளும், எதிரே நிற்கும் ஆள் பிழைக்க வேண்டுமே. குழந்தைகள் விளையாடும் மைதானத்தில் சன்பேக் விமானத்தை எடுக்கவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

விழுந்த பிறகு

இங்கேதான் சன்பேக் ஜெயிக்கிறது. என் சன்பேக் விமானம் தென்னைமர உயரத்திலிருந்து மூக்கு குத்தி விழுந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் ப்ரொபெல்லர் உடைந்திருந்தது. இறக்கையைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் இரண்டு அறுந்து இறக்கை தனியாகக் கிடந்தது. மூக்கில் ஷீட் மடங்கியிருந்தது, அதைக் கையால் நிமிர்த்தி ஒரு கேபிள் டை போட்டேன். புது ப்ரொபெல்லர், புது ரப்பர் பேண்ட். பத்து நிமிடத்தில் மறுபடி மேலே.

அதே விழுகை நுரை விமானத்துக்கு என்றால் மூக்கு நொறுங்கி மோட்டார் தாங்கி தனியே வந்துவிடும், இறக்கை நடுவில் பிளக்கும். ஒட்ட முடியாது என்றில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஹாட் க்ளூ போட்டு, டேப் சுற்றி, நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில கிராம் ஏறும். அன்றைய பறத்தல் அத்தோடு போயிற்று. புதிதாகக் கற்கிறவர் முதல் பத்து முறையில் பாதிக்கு மேல் விழுவார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் காத்திருந்தால் கை பழகவே பழகாது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

சன்பேக்கில் எனக்கு மிகப் பிடித்த வேலை, வாலில் மேலும் கீழும் அசையும் மடலான எலிவேட்டருக்குக் கீல் வைப்பது. தனியாகக் கீலே வேண்டாம். ஒரு குழலின் மேல்தோலை மட்டும், குழலின் இரண்டு ஓரத்திலும் பிளேடால் நீளமாகக் கீறி அந்தப் பட்டையை உரித்து எடுத்துவிட வேண்டும். கீழ்த்தோல் அப்படியே இருக்கும், அதுதான் கீல். கை அழுத்தம் கூடினால் கீழ்த்தோலும் அறுந்துவிடும். அதனால் பிளேடின் முனை மட்டும் படும்படி, ஸ்கேல் வைத்து, ஒரே இழுப்பாக இழுங்கள். பாலிப்ரோப்பிலீன் எத்தனை முறை மடித்தாலும் சட்டென்று அறாது, ஷாம்பு பாட்டில் மூடியை ஆயிரம் தடவை திறந்து மூடுகிறோமே, அதே பிளாஸ்டிக்தான்.

ஒட்டுவதுதான் இதன் பெரிய தொல்லை. ஹாட் க்ளூ காய்ந்ததும் பட்டையாக உரிந்து கையோடு வந்துவிடும், சூப்பர் க்ளூவும் அப்படியே. பசை பரவ விடாத மேற்பரப்பு அது. கேஸ் டார்ச் சுடரை ஷீட்டின் மேல் வேகமாக ஒரு முறை ஓட்டினால் மேற்பரப்பு மாறும். சோதித்துப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முன்பு முத்து முத்தாக உருண்ட தண்ணீர் இப்போது படர்ந்து நிற்கும். அந்த இடத்தில் சூப்பர் க்ளூ நன்றாகப் பிடிக்கும். சுடர் ஒரு நொடி நின்றாலும் 2 மில்லிமீட்டர் ஷீட் நெளிந்துவிடும், வெட்டி எறிந்த துண்டுகளில் பழகிவிட்டு அப்புறம் இறக்கையில் கை வையுங்கள். என் யோசனை: முடிந்த இடத்தில் எல்லாம் பசையை விட்டு, சூடான கம்பியால் துளையிட்டுக் கேபிள் டை போடுங்கள்.

நுரையில் இந்தக் கவலை இல்லை, ஹாட் க்ளூ போதும். சாதாரண சூப்பர் க்ளூ மட்டும் தெர்மாகோலையும் டெப்ரானையும் கரைத்துவிடும், நுரைக்கென்று தனியாக விற்பதை வாங்க வேண்டும்.

குழல் ஓடும் திசை பற்றி ஒரு வார்த்தை. இறக்கையில் குழல்கள் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு, நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குழலும் ஒரு சின்னக் கம்பி மாதிரி வளையாமல் தாங்கும். என் முதல் இறக்கையை ஷீட் மிச்சமாகும் என்று குறுக்குவாட்டில் வெட்டினேன். முதல் திருப்பத்திலேயே இரண்டு பக்கமும் கைகூப்புவது போல மேலே மடங்கிவிட்டது. குழல் சரியாக ஓடினாலும், ஜன்னல் செய்யும் கடையில் அலுமினியப் பட்டை ஒன்று வாங்கி நடுவில் கொடுத்துவிடுங்கள். சர்வோவுக்கும் எலிவேட்டருக்கும் நடுவே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போதும்.

வாலையும் கவனிக்க வேண்டும். விமானம் சமமாக நிற்கும் புள்ளியிலிருந்து வால் வரை உள்ள தூரம் மூக்கு வரை உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு என்றால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டும். சன்பேக் வால் இயல்பிலேயே கனம். பேட்டரியை முடிந்த அளவு முன்னால் தள்ளுங்கள். 22 சென்டிமீட்டர் அகல இறக்கையில் முன் ஓரத்திலிருந்து ஐந்தரை முதல் ஆறரை சென்டிமீட்டருக்குள் இரண்டு விரலால் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறக்க விடாதீர்கள்.

வெயிலும் காற்றும்

ஏப்ரல் மாதம் மூடிய காரில் நுரை விமானத்தை விட்டுவிட்டுப் போனால் ஹாட் க்ளூ இளகி மோட்டார் தாங்கி சாய்ந்திருக்கும். சன்பேக் அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் மாதக்கணக்கில் நேர் வெயில் பட்டால் மொறுமொறுப்பாகிவிடும். பழைய போர்டுகளை வாங்கும்போது இது முக்கியம். நான் போர்டு அடிக்கும் கடைக்குப் போய், "அண்ணா, பழைய சன்பேக் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டேன். "பின்னாடி சாத்தி வச்சிருக்கேன், வேணுங்கறத எடுத்துக்கங்க" என்றார். பாதிக்கு மேல் மூலையை மடித்ததுமே வெள்ளைக் கோடு விழுந்து பட்டென்று உடைந்தது. மடித்தால் உடையாததை மட்டும் எடுத்து வந்தேன்.

காற்றில் சன்பேக் மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றில் 700 கிராம் நுரை விமானம் பட்டம் போல அல்லாடும். 1100 கிராம் விமானம் அதே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனாலும் புதியவர்கள் காற்று எழுவதற்கு முன், விடியற்காலையிலேயே பறக்க விடுவது நல்லது. எங்கே பறக்க விடலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கோவையில் பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். காலியான இடம் என்பதற்காக எங்கேயும் எடுத்துவிட முடியாது.

பால்சா பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பறப்பதில் அதற்கு ஈடில்லை. ஆனால் மாதக்கணக்கில் விலா விலாவாக ஒட்டிச் செய்ததை முதல் விநாடியிலேயே உடைப்பது மனசுக்குத் தாங்காது. ரெடிமேட் நுரை விமானம் வாங்கலாம், நன்றாகவும் பறக்கும், ஆனால் உடைந்த பாகம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். செய்யக் கற்றுக்கொண்ட கை பழுது பார்க்கவும் தயங்காது.

என் தேர்வு

பக்கத்தில் கற்றுத் தர ஒருவர் இருந்தால், மைதானம் சின்னது என்றால், புல் மெத்தென்று இருந்தால் நுரை. மெதுவாகப் பறப்பது மற்ற எல்லாக் குறையையும் ஈடுகட்டும். தனியாளாக, காய்ந்த ஏரியிலோ கல்லும் முள்ளும் உள்ள பொட்டல் காட்டிலோ கற்கப்போகிறீர்கள் என்றால் சன்பேக். அதிலும் இறக்கை ஒரு மீட்டருக்குக் குறையவே கூடாது. சின்ன சன்பேக் விமானம் கல்லெறிந்த மாதிரி போகும், புதியவர் பிடிக்க முடியாது.

நான் இப்போது பறக்க விடுவது இரண்டையும் கலந்தது. அடி வாங்கும் மூக்கும் உடலும் சன்பேக். இறக்கையும் வாலும் பேக்கிங் டேப் சுற்றிய நுரை. மொத்தம் 850 கிராம், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மெதுவாக வருகிறது. இறக்கை ரப்பர் பேண்டில்தான் நிற்கிறது, விழுந்தால் கழன்றுகொள்ளும். ஒரே அளவில் இரண்டு இறக்கை செய்து, ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன்.