கேரேஜுக்கு ஹீட்டர் போட்டு நாலு குளிர்காலம்: எது உதவியது, எது வீண்

பனி கொட்டும் மாதங்களில் காரைக் கழுவாமல் விட்டுவிட்டு, வெயில் வந்த பிறகு குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுக்கச் செங்கல் நிறத்தில் இருக்கும். அந்த வயிற்றெரிச்சலில்தான், குளிரிலும் காரைக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று கேரேஜைச் சூடாக்கும் வேலையில் இறங்கினேன். இப்போது நாலு குளிர்காலம் ஓடிவிட்டது. மூன்று ஹீட்டர், ஒரு கருகிய பிளக், ஒரு கிழிந்த கதவு ரப்பர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாங்கிய புதிதில் எழுதினால் எந்தப் பொருளும் பிரமாதமாகத்தான் தெரியும் என்பதால் இத்தனை நாள் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

கேரேஜ் இரண்டு கார் நிற்கிற அளவு. 6 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர், வீட்டோடு ஒட்டியது. சுவரில் பஞ்சு அடைத்திருந்தார்கள், ஆனால் கதவு வெறும் தகரம். தரை கான்கிரீட். வெளியே சாதாரண நாளில் மைனஸ் 8, மோசமான நாளில் மைனஸ் 20.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். சாதாரண பிளக்கில் மாட்டுகிற 1500 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்து, எக்ஸ்டென்ஷன் வயரில் செருகி, காருக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. ஹீட்டருக்கு முன்னால் நின்றால் முழங்கால் சுட்டது, முதுகு விறைத்தது. நாலாவது நாள் ஒரு நாற்றம். போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டின் வாய் பழுப்பாகி, பிளக்கின் ஒரு கால் இளகிச் சாய்ந்திருந்தது. மணிக்கணக்கில் முழு லோடு இழுக்கிற சாமானை எக்ஸ்டென்ஷனில் போடக்கூடாது என்று அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அப்புறம் மச்சான் சொன்னார், "இதெல்லாம் பத்தாது மாப்ளே, பெரிசா ஒண்ணு வாங்கு." வாங்கினேன். சிலிண்டரில் ஓடுகிற, ஜெட் மாதிரிச் சத்தம் போடுகிற புரொபேன் ஹீட்டர். கால் மணி நேரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றலாம், அவ்வளவு சூடு. எனக்கு ஒரே பெருமை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, பானெட் மேல் குளித்துவிட்டு வந்த மாதிரி துளித்துளியாக ஈரம், கூரைப் பலகையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆணி நுனியிலும் ஒரு சொட்டு தொங்குகிறது. காரணம் எளிது. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் அத்தனையும் அறைக்குள்ளேதான், போக வேறு இடம் கிடையாது. காரைக் காயவைக்க வந்தவன் காருக்கு நீராவிக் குளியல் போட்டிருக்கிறேன். இரண்டு வாரத்தில் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களில் மெல்லிய துரு. அதைவிட முக்கியம், ஒருநாள் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கான அலாரம் கத்தியது. கதவைத் திறந்து எல்லாக் காற்றையும் வெளியே விட்டேன், அதோடு அந்தப் பொருளை விற்றுவிட்டேன். கேரேஜில் நெருப்பு எரிகிற எதையாவது வைப்பதாக இருந்தால், புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற வகையாக மட்டும் இருக்கட்டும். அலாரம் இல்லாமல் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்னால் ஹீட்டர் பக்கமே போகவில்லை. ஓட்டைகளை அடைத்தேன். நாலு வருடத்தில் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது, அதற்குச் செலவும் குறைவு. ஒரு இருட்டு நேரத்தில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள், எங்கெல்லாம் வெளிச்சக்கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் உங்கள் சூடு ஓடிக்கொண்டிருக்கிறது. என் கதவின் அடியில் ஒரு மூலையில் விரல் நுழைகிற அளவு சந்து இருந்தது. அடி ரப்பரை மாற்றி, பக்கவாட்டில் ரப்பர் பட்டை அடித்து, கதவின் ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னால் தெர்மோகோல் பலகையை அளவாக வெட்டிச் செருகினேன்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பலகை சேர்ந்ததும் கதவின் எடை கூடுகிறது, கதவின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கோ பழைய எடைக்கு முறுக்கியது. ஒரு வாரம் ஓடிய மோட்டார் பாதியில் முனகிக்கொண்டு நின்றது. சோதிக்கும் வழி இது: மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சரி, கீழே இறங்கினால் ஸ்பிரிங்கை மறுபடி முறுக்க வேண்டும். அதை மட்டும் ஆள் வைத்துச் செய்யுங்கள். முறுக்கின ஸ்பிரிங் கை நழுவினால் எலும்பை உடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டர் வந்தது. 240 வோல்ட், 5000 வாட், கூரையில் தொங்கவிடுகிற மின்சார ஹீட்டர், உள்ளே விசிறியும், வைத்த டிகிரியில் சூட்டைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் உண்டு. 21 ஆம்பியர் போல இழுக்கும், தொடர்ந்து ஓடுகிற லோடு என்பதால் 30 ஆம்பியர் பிரேக்கரோடு தனி லைன் போட்டார் எலக்ட்ரீஷியன். மூன்று குளிர்காலமாக ஓடுகிறது. ஒருமுறைகூட பிரேக்கர் விழவில்லை. குறை என்றால் இரண்டு. விசிறிச் சத்தம் வருடத்துக்கு வருடம் கூடுகிறது, இப்போது ரேடியோ கேட்க முடிவதில்லை. தூசியையும் கிளப்புகிறது, அதனால் வாக்ஸ் போடும்போது அணைத்துவிடுகிறேன். வருடம் ஒருமுறை மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த பஞ்சுத்தூசியை ஊதி எடுக்க வேண்டும், மைக்ரோஃபைபர் துணியின் நூல் எவ்வளவு சேரும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். வேலை முடிந்து நாலு மணி நேரம் ஆன பிறகும் தலைக்கு மேல் சூடு, காலடியில் சில்லிப்பு என்று இருந்ததால் கூரையில் ஒரு சின்ன மின்விசிறி மாட்டிக் குறைந்த வேகத்தில் விட்டேன். மேலே தேங்கின சூடு கீழே இறங்குகிறது, ஹீட்டர் ஓடும் நேரமும் குறைந்தது.

இனி, நான் புரிந்துகொள்ளவே இரண்டு வருடம் எடுத்த விஷயம். தெர்மோமீட்டர் 15 டிகிரி காட்டும், நானும் சந்தோஷமாகப் பாலிஷ் மெஷினை எடுப்பேன், பார்த்தால் வாக்ஸ் உலராமல் கொழகொழவென்று துணியோடு இழுபடும். டப்பாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரை பானெட் பக்கம் நீட்டினேன்: 3 டிகிரி. தரை: 5 டிகிரி. காற்றுதான் 15. அறைக்குள் இருக்கும் காற்று மொத்தத்தையும் 15 டிகிரி உயர்த்த அரை யூனிட் மின்சாரம்கூடத் தேவையில்லை. ஆனால் ஒன்றரை டன் காரை 20 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4 யூனிட். 10 சென்டிமீட்டர் கனமுள்ள இந்தத் தரையை 10 டிகிரி உயர்த்த 20 யூனிட்டுக்கு மேல், அதுவும் ஒரு துளிச் சூடுகூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால். ராத்திரி முழுக்க மைனஸில் நின்ற காரை உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்றால் ஒன்றரை டன் பனிக்கட்டியைத்தான் உள்ளே கொண்டுவருகிறீர்கள்.

இன்னொரு சிக்கலும் இதோடு வருகிறது. காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். கார் 3 டிகிரியில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப்படலத்தின் மேல் நீங்கள் வாக்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்! பெயிண்டைக் காக்க மேலே பூசுகிற செராமிக் கோட்டிங் என்றால் கேட்கவே வேண்டாம், அது பரப்பின் சூட்டையும் ஈரத்தையும் இன்னும் கறாராகப் பார்க்கும். இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரியே காரை உள்ளே விட்டுவிடுகிறேன், சனிக்கிழமை மதியம்தான் தொடுகிறேன். பானெட் 12 டிகிரி காட்டாமல் எந்த டப்பாவையும் திறப்பதில்லை.

இனி, பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு. சூடான கேரேஜ் காருக்கு நல்லதா கெட்டதா என்று ஒரு பழைய சண்டை உண்டு, இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. உறைந்து கிடக்கும்போது துருப்பிடிக்கும் வேகம் மிகவும் குறைவு. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் காரைக் கொண்டுவந்து 15 டிகிரியில், மூடின அறையில், ராத்திரி முழுக்க நிறுத்தினால் அது துருவுக்கு விருந்து வைத்த மாதிரி. சாலையில் போடுவது சாப்பாட்டு உப்பு மட்டுமில்லை, கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. இவை காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சித் தங்களை நனைத்துக்கொள்ளும், அதனால் காய்ந்துவிட்டது என்று நினைத்த இடமும் உண்மையில் காய்ந்திருக்காது. ஆகவே ஒன்று, கழுவிவிட்டுச் சூட்டில் காயவையுங்கள், இல்லையென்றால் குளிரிலேயே விட்டுவிடுங்கள். கழுவாமல் சூட்டில் நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசம், முதல் வருடம் முழுக்க நான் செய்தது அதுதான்.

இதை உணர்ந்த பிறகு தெர்மோஸ்டாட்டைச் சாதாரண நாட்களில் 7 டிகிரிக்கு இறக்கிவிட்டேன். முந்தைய வருடம் எந்நேரமும் 15-ல் வைத்திருந்தேன். ஹீட்டருக்கென்று தனியாக மாட்டின மீட்டரில் பார்த்தால் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் முந்தின நாளே 15-க்கு ஏற்றுகிறேன். முழுக்க அணைத்துவிட்டு வேண்டும்போது மட்டும் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். தரை ஜில்லிட்டுவிட்டால் மீண்டும் ஏற ஒரு முழுநாள் ஆகிறது. உறையக்கூடிய சாமான்களும் உள்ளே இருக்கின்றன. தண்ணீர் கலந்த ஷாம்பு, ஸ்பிரே எல்லாம் ஒருமுறை உறைந்து இளகினால் திரிந்த பால் மாதிரி பிரிந்துவிடுகின்றன, குலுக்கினாலும் சேர்வதில்லை. பிரஷர் வாஷரின் பம்பில் மிஞ்சிய இரண்டு ஸ்பூன் தண்ணீர் உறைந்தாலே போதும், பம்ப் வெடிப்பு விட்டுவிடும். பாலிஷ் மெஷினின் லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் நிரந்தரமாகக் கெடும். 7 டிகிரி இந்த எல்லாவற்றுக்கும் காப்பு.

ஈரத்துக்கு முதலில் ஒரு கம்ப்ரசர் வகை டீஹ்யூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மெஷின், வாங்கி ஏமாந்தேன். 7 டிகிரியில் அதன் சுருள் மேல் பனி படிந்து, தண்ணீர் எடுப்பதைவிடப் பனி உருக்குவதிலேயே நேரத்தைக் கழித்தது. குளிரான அறைக்கு ஈரமுறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகண்ட் வகைதான் சரி. மின்சாரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அது இழுப்பதெல்லாம் சூடாக அறைக்குள்ளேயே விழுவதால் நஷ்டமில்லை. கழுவின ராத்திரி அதை ஓடவிட்டால் காலையில் தொட்டியில் இரண்டு லிட்டர் நிற்கிறது. அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அலாதி திருப்தி.

கழுவுவதும் இப்போது வேறு மாதிரி. ஹோஸ் பைப் எடுப்பதில்லை. வெளியே சுயசேவைக் கழுவுமிடத்தில் அடிப்பாகத்தையும் மட்கார்டு உட்புறத்தையும் நல்ல பிரஷரில் அடித்துவிட்டு வந்து, உள்ளே அலசல் தேவைப்படாத வாஷ் கலவையில் முடித்துவிடுகிறேன். 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து, ஒரு வாளி, ஏழெட்டுத் துணி, அவ்வளவுதான். தரையில் விழும் தண்ணீரை ரப்பர் துடைப்பானால் உடனே தள்ளிவிட வேண்டும். ஒருநாள் சோம்பேறித்தனமாக விட்டேன். தண்ணீர் கதவடிக்கு ஓடி உறைந்து, காலையில் பட்டனை அழுத்தினதும் மோட்டார் கதவைத் தூக்கியது, அடி ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. அந்தக் கிழிகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன்பிறகு மாதம் ஒருமுறை ரப்பரில் சிலிகான் தடவுகிறேன், காரின் கதவு ரப்பர்களிலும் கூட.

டயர் காற்று பற்றியும் ஒரு வார்த்தை. கதகதப்பான கேரேஜில் நின்று காற்றுப் பிடித்து, அளவு சரியாக இருக்கிறது என்று வெளியே கொண்டுபோனால் சரியாக இராது. 5.5 டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். உள்ளே 12, வெளியே மைனஸ் 15 என்றால் கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ போய்விடும். எச்சரிக்கை விளக்கு எரிந்து நான் பஞ்சர் தேடிய நாட்கள் உண்டு.

பாதுகாப்பில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதனால் தீப்பொறி, சுடர் வருகிற எதுவும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஸ்பிரே டப்பா, பிரேக் கிளீனர் எடுக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டுக் கதவை ஒரு சாண் தூக்குங்கள், சூடு போனால் போகட்டும்.

வேறு வகைகளைப் பற்றியும் கேட்பீர்கள். மச்சான் கூரையில் இன்ஃப்ராரெட் பலகை போட்டிருக்கிறார். சத்தமே இல்லை, தூசி கிளம்பாது, நேரே படுகிற பரப்பு சீக்கிரம் சூடேறுகிறது, காருக்கு அடியில் மட்டும் குளிர் அப்படியே. வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தருகிற ஸ்ப்ளிட் ஏசி வகை ஹீட் பம்ப் மின்சாரத்தில் பாதியையாவது மிச்சம் பிடிக்கும், கடுங்குளிரில் அந்த லாபம் சுருங்கும். இன்று புதிதாகத் தொடங்கினால் நான் அதைத்தான் பார்ப்பேன், அதுவும் ஓட்டைகளை அடைத்த பிறகு. மாதம் ஒருமுறை மட்டும் காரைத் தொடுகிறவர் என்றால் எதுவுமே வேண்டாம், கழுவுமிடத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

என் கேரேஜில் இன்னும் ஒரு குறை பாக்கி. கதவோரம் முதல் அரை மீட்டர் தரை எப்போதும் 2 டிகிரிதான், சூடு அங்கே கான்கிரீட் ஓரம் வழியாக வெளி மண்ணுக்குப் போகிறது. வாசலுக்கு வெளியே பள்ளம் தோண்டித் தரையின் விளிம்பை ஒட்டி நுரைப்பலகை புதைத்தால் சரியாகும், அடுத்த குளிருக்குள் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். போன வருடம்தான் வாசலுக்குக் கல் பாவினோம். தோண்டப்போவதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.