விடியற்காலை நடைக்கு எழுப்புவது எது: அலாரமா, ஜிம் பணமா, பழநி பாதயாத்திரையா, ஆச்சியா?

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கோட்டையூரில் சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கு மேல் நடக்க முடியாது. வெயில் முதுகைச் சுட்டுவிடும். சாயங்காலம் போகலாமென்றால், பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தார் ரோடு ஏழு மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும். ஆறரைக்கு மேல் வீட்டு வேலை வந்துவிடும். ஆக, நடைக்கு நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் நடக்கச் சொன்னார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே கணக்குதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். என்ன செய்வது என்பதில் குழப்பமே இல்லை. எழுந்திருப்பதுதான் பிரச்சினை. அதற்கு நான்கு வழி பார்த்துவிட்டேன்.

அலாரமும் போனில் அடி எண்ணும் செயலியும் செலவில்லாதவை, யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு பதினொன்றரைக்குப் படுப்பவளுக்கு 4.45 அலாரம் அணைக்கத்தான் பயன்படும். செயலி வைத்த பத்தாயிரம் அடி இலக்கும் என்னைச் சோர வைத்தது. அந்த எண்ணின் பிறப்பு பிறகுதான் தெரிந்தது: 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், அது அப்படியே இலக்காக நிலைத்துவிட்டது. நாலாயிரம் அடி நடந்த நாளில் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டேனே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஜிம்மைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காரைக்குடியில் ஓரிடத்தில் ஒரு வருஷத்துப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். ஐப்பசி மழையில் அதைவிட நல்ல இடம் கிடையாது, நாய்த் தொல்லையும் இல்லை. ஆனால் பெண்களுக்கான நேரம் ஆறரைக்குத்தான் தொடங்கும். அது பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும் நேரம். மூன்று வாரம் போனேன். மாசாமாசம் கட்டியிருந்தால் அந்த உறுத்தலாவது எழுப்பியிருக்கும் என்று தோன்றுகிறது.

பழநி பாதயாத்திரை அப்படியில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும். நூறு கிலோமீட்டருக்கு மேல். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் கார்த்திகை முதல் தேதியிலிருந்தே கால் தானாகக் கிளம்பிவிடும். ஞாயிறுதோறும் பள்ளத்தூர் வரை வெறுங்காலோடு போய்த் திரும்பினேன். பனியும் இருட்டும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஆசையாக எழுந்த காலைகள் வேறு இல்லை. பூசம் முடிந்து வீடு வந்ததும் கால் வீக்கம் வடிய ஒரு வாரம் ஓய்வெடுத்தேன். அந்த ஒரு வாரம் மாசி போய்ப் பங்குனி வரை நீண்டுவிட்டது.

இங்கேதான் வெகுநாள் யோசித்தேன். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு செயல் தன்னால் நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது என்றார்கள். ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிதாகக் கெடவில்லையாம். நானும் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தேனே, ஏன் ஒட்டவில்லை? அந்த ஆய்வில் இருந்தவர்கள் தினமும் வருகிற ஏதாவது ஒன்றோடு, காலைச் சாப்பாடு மாதிரி, தங்கள் செயலை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். நான் முடிச்சுப் போட்டது பூசத் தேதியோடு. அது வந்து போய்விட்டது.

தினமும் வருவது எங்கள் எதிர்வீட்டு ஆச்சி. வயது 68. ஐந்து பத்துக்கு நிலைக்கதவின் இரும்பு வளையத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். நான் படுப்பது வீட்டின் உட்பகுதியில், இரண்டாம் கட்டுக்குள். அந்தச் சத்தம் முற்றத்தைத் தாண்டி வந்து சேரும். மூன்றாவது தட்டு விழுந்தால் மாமியாரும் எழுந்துவிடுவார் என்பதால் உடனே எழுந்துவிடுவேன். தரையின் ஆத்தங்குடிக் கல் பாதத்தில் சில்லென்று படும்போதே பாதித் தூக்கம் போய்விடும். தாழ்ப்பாளை இழுத்தால், நாய்க்கென்று ஒரு கம்போடு ஆச்சி நிற்பார். “கிளம்பு ஆத்தா, வெயில் வந்துரும்.” அவ்வளவுதான் பேச்சு.

ஆச்சி மெதுவாகத்தான் நடப்பார். எனக்கோ கொஞ்சம் மூச்சு வாங்க நடக்க வேண்டும். தெருவில் போனால் நான் முன்னே போய்விடுவேன், அவர் தனியாகிவிடுவார். ஊருணிக்கரையில் அந்தக் கஷ்டம் இல்லை. அவர் இரண்டு சுற்று வருவதற்குள் நான் மூன்று சுற்று வந்து, பின்னாலிருந்து அவரைப் பிடித்துவிடுவேன். வேகம் ஒத்துவரவில்லை என்று ஜோடி நடையை விட்டவர்கள் சுற்றி வருகிற இடமாகப் பாருங்கள்.

ஆக, என் கணக்கில் ஆச்சிதான் முதல். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பாதயாத்திரையைச் சொல்வேன். ஆனால் பூசத்துக்கு மறுவாரம் கதவைத் தட்ட ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி வழியில் ஒரே குறை, ஆச்சி ஊரில் இல்லாத நாள். முதல் தடவை அவர் மகள் வீட்டுக்குச் சென்னை போனபோது இரண்டாம் நாளே நின்றுவிட்டேன். போன மாதம் மறுபடி போனார். இந்தத் தடவை வாசல் தெளிப்பதோடு நடையை முடிச்சுப் போட்டேன். செருப்பை முதல் நாள் இரவே திண்ணையில் வைத்துவிடுவேன். தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டதும் வாளியைத் திண்ணை ஓரம் வைத்துவிட்டு, உள்ளே திரும்பாமல் அப்படியே ஊருணிக்கு. 30 நாளில் 19 நாள் நடந்திருக்கிறேன். ஆச்சி இருந்திருந்தால் 28 ஆகியிருக்கும். அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.