மலை விளிம்பில் அந்தி வெளிச்சம்: ஜிஎன்டி ஃபில்டரா, பிராக்கெட்டிங்கா?

அம்பாசமுத்திரம் ஆற்றங்கரையில் சாயங்காலம் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலைத்தொடர் வரிசையாகத் தெரியும். சூரியன் அதற்குப் பின்னால்தான் இறங்கும். வானம் செம்பொன்னாகப் பற்றிக்கொண்டு நிற்கும்போது, நம்மைப் பார்த்த மலைச்சரிவும் தாமிரபரணியும் நிழலில் கிடக்கும். ஒருநாள் லென்ஸ் திறப்பை எஃப் 11, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என வைத்து, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அளந்தேன். வானத்துக்கு 1/15 நொடி, தண்ணீருக்கு ஒரு முழு நொடி. நான்கு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர ஜிஎன்டி (கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர், பிராக்கெட்டிங் இரண்டிலும் பழகிப் பார்த்துவிட்டு, இப்போது பிராக்கெட்டிங் பக்கம் வந்துவிட்டேன்.

ஃபில்டர் என்பது மேல்பாதி கறுத்த, கீழ்ப்பாதி தெளிந்த தகடு. கருமை வானத்தின் மேல் விழும்படி லென்ஸ் முன்னால் செருகிக்கொள்ள வேண்டும். பிராக்கெட்டிங்கில் இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று படம் எடுத்து வீட்டில் சேர்க்கிறோம். முக்காலி இரண்டுக்கும் வேண்டும். ஒன்றில் பணம் போகும், இன்னொன்றில் நேரம் போகும்.

என்னை மாற்றியது மலை விளிம்புதான். ஃபில்டரின் கருமை நேர்கோட்டில் முடிகிறது, மலையோ ஏறி இறங்கிப் போகிறது. கருமை முடியும் இடத்தைச் சிகரத்துக்கு மேலே நிறுத்தினால், இரண்டு சிகரங்களுக்கு நடுவே தெரியும் வானம் வெளிறிவிடும். அந்தப் பள்ளம்வரை இறக்கினால், ஏற்கெனவே நிழலில் இருக்கும் சிகரத்தின் மேலும் கருமை விழும். சிகரம் கரிக்கட்டையாகவும் அதே சரிவின் அடிப்பகுதி பச்சையாகவும் வந்து, ஒரே மலை இரண்டு துண்டாகத் தெரியும். கருமை படிப்படியாகக் குறையும் சாஃப்ட் வகை ஃபில்டரில் சரியாகும் என்று அதையும் வாங்கினேன். வெட்டு மங்கியது, கருமை போகவில்லை. கம்ப்யூட்டரில் அந்த இடத்தை வெளிச்சமாக்கினால் நாய்ஸ் என்கிற புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான் மேலே வந்தது.

மூன்று படமாக எடுத்தால் மலை வளைகிற இடத்தில் நாமும் வளைந்து பிரிக்கலாம். 1/15 படத்திலிருந்து வானம், 1/4 படத்திலிருந்து மலை, ஒரு நொடிப் படத்திலிருந்து ஆறு. மென்பொருளே மூன்றையும் கலந்துவிடும் ஆட்டோ மெர்ஜ் மட்டும் வேண்டாம். ஓடுகிற தண்ணீர் மூன்று படத்திலும் மூன்று விதமாக இருக்கும், கலந்தால் பாறையைச் சுற்றிய நுரை கலங்கிப்போகும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் போட்டு, தண்ணீர் முழுவதையும் ஒரே படத்திலிருந்து எடுங்கள். பாறை இடுக்கில் அது பட்டு நூல் பிரிந்ததுபோல அழகாக வரும். அப்புறம், தண்ணீரில் விழுந்த வானம் மேலே இருக்கும் வானத்தைவிடப் பிரகாசமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகிவிட்டால் படம் பொய்யாகத் தெரியும்.

ஃபில்டர் ஜெயிக்கிற இடமும் உண்டு. கரையோர மருத மரக் கிளை காற்றில் ஆடினால், மூன்று படத்தில் இலைகள் மூன்று இடத்தில் நிற்கும். அங்கே ஒரே கிளிக்கில் முடிவது பெரிய நிம்மதி. விடியற்காலையிலும் அதே கதைதான். கிழக்கு வெயில் முதலில் சிகரத்தில் விழுவதால் சிகரமும் வானமும் சேர்ந்தே பிரகாசமாக இருக்கும், ஃபில்டர் கருமை அங்கே தொந்தரவு செய்வதில்லை. கடற்கரையில் இரண்டு மூன்று முறைதான் எடுத்திருக்கிறேன். அடிவானம் நேர்கோடு என்பதால் ஃபில்டர் நன்றாகவே உட்கார்ந்தது, அதற்கு மேல் சொல்கிற அளவுக்கு அங்கே பழக்கம் இல்லை.

பிராக்கெட்டிங் என்று முடிவு செய்தால் முக்காலியை நிறுத்தும் இடத்தைத்தான் முதலில் பாருங்கள். ஆற்று மணலில் ஊன்றினால் நீரோட்டம் காலடி மணலை அரித்துக்கொண்டே இருக்கும். முதல் படத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவே கேமரா ஒரு நூல் இறங்கியிருந்தால் போதும், விளிம்பு பொருந்தாது. பாறை கிடைத்தால் பாறைமேல் வையுங்கள். கிடைக்காவிட்டால் முக்காலியின் கால்களை ஒரு சாண் ஆழம் அழுத்தி, இரண்டு நிமிடம் விட்டு, மணல் இறுகிய பிறகு எடுங்கள்.