சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு எரிகிறதா, பாருங்கள்

இன்ஜின் வேலை முடித்து வண்டியை எடுக்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வண்டி 2004 மாருதி 800. அப்பா பணி ஓய்வு பெற்றபோது வாங்கியது. புகை தள்ளியது, ஆயில் குடித்தது. காங்கேயத்தில் தெரிந்தவர் சொன்ன பட்டறையில் முழு இன்ஜின் வேலைக்கு விட்டேன். ரீபோர் (சிலிண்டரைக் கடைவது), புது பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், 0.25 அண்டர்சைஸ் பேரிங் என்று பில்லில் வரிசையாக எழுதி 38,000 ரூபாய் வாங்கினார்கள். கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு. தேய்ந்த தண்டை 0.25 மில்லிமீட்டர் கடைந்து மெலிதாக்கினால், அதற்கேற்பத் தடித்த அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். எண்ணிக் கொடுத்தேன்.

முதல் வாரமே ஆயில் விளக்கு தலைகாட்டியது. காலையில் ஒன்றும் இருக்காது. இருபது கிலோமீட்டர் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் சிவப்பாக மினுங்கும். ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். திரும்பப் போய்ச் சொன்னேன். "புதுசாகக் கட்டிய இன்ஜின் தம்பி, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார் பட்டறைக்காரர். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். இருந்த ஆயிலை இறக்கிவிட்டு, கெட்டியான 20டபிள்யூ50 ஊற்றி, மேலே ஒரு டப்பா மருந்தும் விட்டார். நான்கு நாள் நிம்மதி, பிறகு பழைய கதை. மூன்றாவது தடவை, "சென்சார் கெட்டிருக்கிறது, மாற்றிவிட்டேன்" என்று 450 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு விளக்கு எரியவே இல்லை. நானும் நம்பிவிட்டேன்.

ஆறு வாரம் ஓட்டினேன். அப்பாவைக் கண் சிகிச்சைக்காகக் கோவைக்கு அழைத்துப் போன நாள், பல்லடம் தாண்டியதும் இன்ஜினின் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம். எழுபத்தைந்து வயது மனிதரை வெயிலில் சாலையோரம் உட்கார வைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆள் தேடினேன்.

கோவையில் பார்த்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சாவியை மட்டும் திருப்பினார், இன்ஜினைக் கிளப்பவில்லை. "அண்ணா, இங்கே பாருங்கள்" என்று மீட்டரைக் காட்டினார். பேட்டரி விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு எரியவில்லை. ஆயில் அழுத்தம் இல்லாதபோது இன்ஜினில் இருக்கும் சுவிட்ச் வயரை எர்த்தோடு சேர்க்கும். அப்போதுதான் விளக்கு எரியும். இன்ஜின் ஓடாதபோது அழுத்தம் ஏது? ஆகவே சாவி திருப்பியதும் அது எரிந்தே ஆக வேண்டும். பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டு வயரை வெளியே இழுத்தார். வெட்டிய முனையில் கறுப்பு டேப் சுற்றி, ஒரு ஹோஸுக்குப் பின்னால் கண்ணில் படாமல் செருகியிருந்தது. பட்டறைக்காரர் சென்சார் என்று சொன்ன அந்தச் சுவிட்சும் பழையதுதான், மாற்றவே இல்லை.

வேலை தெரியாமல் கெடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஆபத்தைச் சொல்ல வண்டியில் இருந்த ஒரே கண்ணை, காங்கேயம் பட்டறைக்காரர் தெரிந்தே குத்தியிருக்கிறார். அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்.

பிறகு கோவை மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் முள் வைத்த பிரஷர் கேஜைப் பொருத்தினார். இன்ஜின் குளிர்ந்திருந்தபோது ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாத மெது ஓட்டத்தில்) முள் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவைத் தாண்டியது. சத்தம் கூடிவிடாமல் ஐடிலிலேயே விட்டுச் சூடேற்றியபோது மெல்ல மெல்ல இறங்கி, கால் கிலோவுக்கும் கீழே வந்து நடுங்கியது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடினால் 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 கிலோ, என்பது பட்டறைகளில் பொதுவாகப் பார்க்கும் கணக்கு. குளிரிலும் சூட்டிலும் ஒரேயடியாகக் குறைவாக இருந்தால் முதலில் ஸ்ட்ரெய்னர் என்ற ஆயில் சல்லடையின் அடைப்பையும், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வையும் சந்தேகிப்பாராம். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுந்தால் பேரிங் இடைவெளிதான் முதல் சந்தேகம் என்றார்.

காரணம் எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். மோட்டார் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும். துளைகள் சிறியதாக இருப்பதால்தான் குழாயில் அழுத்தம் நிற்கிறது. துளை பெரிதானால் கடைசிச் செடிக்கு ஒன்றும் போகாது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இதுபோன்ற சின்ன இன்ஜின்களில் சுமார் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெலிது. சூட்டில் ஆயில் நீர்த்ததும், இடைவெளி அகலமாக இருந்தால் வழியிலேயே ஒழுகிவிடும். கெட்டி ஆயில் நான்கு நாள் காப்பாற்றியதும் இதனால்தான்.

இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினார். ஸ்ட்ரெய்னரில் சிலிக்கோன் பசையின் நூல்கள் சில ஒட்டியிருந்தன, ஆனால் அடைக்கும் அளவுக்கு இல்லை. ஆயில் பம்ப்பில் குறை இல்லை. கடைசியில் பேரிங்கின் மூடியைக் கழற்றி, அரைவட்டத் துண்டை என் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தார். உட்புறம் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. வெளிப்புறம், முதுகில், அச்சடித்திருந்த எழுத்து 'எஸ்டிடி'. ஸ்டாண்டர்டு சைஸ்! 0.25 என்று பில் போட்டவர் கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்பவே இல்லை. தேய்ந்த கிராங்கை எமரித் துணியால் கையிலேயே மெருகேற்றி, ஸ்டாண்டர்டு பேரிங்கை மாட்டியிருக்கிறார். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அளந்தபோது பிக் எண்டில் (பிஸ்டனின் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில்) இடைவெளி 0.11 மில்லிமீட்டர் வந்தது.

கிராங்கில் கோடு விழுந்துவிட்டதால் 0.25 போதவில்லை, 0.50 வரை இறக்க வேண்டியதாயிற்று. ஒழுங்காகச் செய்திருந்தால் இன்னொரு முறை கிரைண்ட் செய்ய அந்த அளவு மிச்சம் இருந்திருக்கும். மேலும் 19,000 ரூபாய் செலவு. இந்த முறை பேரிங்கின் முதுகை நான் பார்த்த பிறகுதான் மாட்டினார்கள். இடையில் பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் பிளாஸ்டிக் நூலை வைத்து இறுக்கி, நசுங்கிய அகலத்தை அளவுப் பட்டையோடு ஒப்பிட்டு இடைவெளியைக் காட்டினார்கள், 0.04 மில்லிமீட்டர் இருந்தது. இப்போது நல்ல சூட்டில் ஐடிலில் 1 கிலோ நிற்கிறது.

நீங்கள் இன்ஜின் வேலைக்கு விட்டால், லேத் பட்டறையின் தனி பில்லையும் அளவுச் சீட்டையும் கேளுங்கள். பழைய பேரிங்கைத் திருப்பி வாங்குங்கள். வண்டியை எடுக்கும் நாளில் அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வைக்க மாட்டேன் என்றால் வண்டியை எடுக்காதீர்கள். வேலைக்குப் பின் ஆயில் விளக்கு மினுங்கினால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்திருக்கிறேன். 0.25 என்று எழுதிய பில், லேத் பட்டறையின் அளவுச் சீட்டு, வெட்டிய வயரின் படம், 'எஸ்டிடி' அச்சடித்த பதினான்கு பேரிங் துண்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கின்றன.