உணர்ச்சிச் சக்கரம்: எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

“மனசே சரியில்லை.” இந்த இரண்டு சொல்லுக்குள் ஏமாற்றம், அவமானம், பொறாமை, களைப்பு, பிரிவின் ஏக்கம் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். களைப்பு என்றால் தூங்க வேண்டும், ஏமாற்றம் என்றால் பேசித் தீர்க்கலாம், அவமானம் என்றால் முதலில் வேண்டியது ஆறுதல். எது என்று சொல்பவருக்கே பிடிபடாதபோது கேட்பவரும் கையைப் பிசைய வேண்டியதுதான். இந்த முடிச்சை அவிழ்க்க விற்கப்படுவதுதான் உணர்ச்சிச் சக்கரம்: உணர்ச்சிகளின் பெயர்களை வட்டமாக அடுக்கிய படம். சுவரொட்டி, சட்டைப்பை அட்டை, கிழித்தெடுக்கும் தாள்கட்டு, ஃபோன் செயலி எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. உண்மையிலேயே உதவும் பொருள். ஆனால் ஒரே பெயரில் விற்பவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. எதற்கு வாங்குகிறோம் என்று தெரியாமல் எடுத்தால் சில நாளில் அது சுவர் அலங்காரமாகிவிடும்.

பலரும் அறிந்தது உளவியலாளர் ராபர்ட் ப்ளட்சிக் 1980இல் வெளியிட்ட சக்கரம். பூவிதழ் போல 8 அடிப்படை உணர்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் 3 அளவு. எரிச்சல், கோபம், ஆத்திரம் ஓர் இதழ். கலக்கம், பயம், திகில் இன்னொன்று. எதிரெதிர் இதழ்கள் எதிர் உணர்ச்சிகள்: மகிழ்ச்சிக்கு எதிரே சோகம், நம்பிக்கைக்கு எதிரே அருவருப்பு. பக்கத்துப் பக்கத்து இதழ்கள் கலந்தால் பிறப்பவை இடைவெளிகளில் இருக்கும்: கோபமும் அருவருப்பும் சேர்ந்தால் இகழ்ச்சி, பயமும் வியப்பும் சேர்ந்தால் பிரமிப்பு. கதை எழுதுபவர்களுக்கும் நடிப்பவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு காட்சியில் எரிச்சல் எப்படி ஆத்திரமாக ஏறுகிறது என்பதை இது போல வேறெதுவும் காட்டுவதில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கோ இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. குற்றவுணர்ச்சி, வெட்கம், பொறாமை மூன்றும் வழக்கமான அச்சுப்படியில் இல்லை. வீட்டில் வெடிக்கும் சண்டைகளில் பாதிக்கு வேர் இந்த மூன்றில்தான் இருக்கும்.

குளோரியா வில்காக்ஸ் 1982இல் தந்த சக்கரம் வேறு வகை. நடுவே கோபம், சோகம், பயம், மகிழ்ச்சி, வலிமை, அமைதி என 6 பொதுச் சொற்கள். வெளியே போகப் போக நுணுக்கமான சொற்கள். சிகிச்சை அறைகளில் காணப்படும் பல சக்கரங்கள் இதன் வழிவந்தவை. அவற்றில் ஒரு வகையின் நடுவட்டத்தில் “மோசம்” என்றே ஒரு பகுதி உண்டு. அதனடியில் சலிப்பு, களைப்பு, வேலைப் பளு, மன அழுத்தம் வரும். களைப்பு உணர்ச்சியா என்று அறிஞர்கள் வாதிடலாம். பயன்படுத்துபவருக்கு இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் கோபம் என்று நினைத்தது பல நேரம் தூக்கக் குறைவுதான்.

மூன்றாவது ஜெனீவா சக்கரம். உளவியலாளர் கிளாஸ் ஷெரர் 2005இல் விவரித்தது, பிறகு திருத்தப்பட்டது. 20 உணர்ச்சிக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் அளவு குறிக்க 5 வட்டங்கள். வெட்கம், குற்றவுணர்ச்சி, வருந்துதல், ஏமாற்றம் நான்கும் தனித்தனியாக இருக்கின்றன. நடுவில் “எதுவும் இல்லை” என்பதற்கும் “வேறு” என்பதற்கும் இடம் உண்டு. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தினமும் குறித்துவைப்பவருக்கு இதுவே சிறந்தது. “வேறு” என்ற இடம் இல்லாத சக்கரத்தில், பொருந்தாத சொல்லையும் ஆள் இழுத்துப் பொருத்திவிடுவார்.

இங்கே ஒரு பொறி. ப்ளட்சிக்கில் நடுவில் இருப்பது உச்ச உணர்ச்சி, விளிம்பில் மெல்லியது. ஜெனீவாவில் நேர்மாறு: நடுவில் சிறு வட்டம் என்றால் குறைவு, விளிம்பில் பெரிய வட்டம் என்றால் அதிகம். வில்காக்ஸ் வகையிலோ உள்ளும் வெளியும் அளவையே குறிப்பதில்லை, பொதுவும் நுணுக்கமும்தான். வீட்டில் ஒன்று, செயலியில் இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதக் குறிப்பு முழுக்கத் தலைகீழாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

பயன்படுத்தும் முறை சுருக்கமானது. முதலில் உடம்பைக் கவனிக்க வேண்டும்: தாடை இறுகியிருக்கிறதா, வயிறு பிசைகிறதா, தோள் தொங்குகிறதா. பிறகு நடுவட்டத்தில் ஒரு சொல், அங்கிருந்து வெளியே ஒன்றோ இரண்டோ. ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி இருப்பது இயல்பு, இரண்டையும் குறிக்கலாம். கடைசியாக அளவு, 1 முதல் 5 வரை.

எங்கே சறுக்கும் என்றால், வெளிவட்டத்தில். பல சக்கரங்களின் ஓரத்தில் “ஒதுக்கப்பட்டேன்”, “துரோகம் இழைக்கப்பட்டேன்”, “மதிக்கப்படவில்லை” போன்ற சொற்கள் இருக்கும். இவை உணர்ச்சி போலத் தெரிந்தாலும் அடுத்தவர் செய்ததைப் பற்றிய தீர்ப்புகள். சோதிக்க எளிய வழி: சொல்லுக்குப் பின்னால் “யாரால்?” என்று கேளுங்கள். பதில் வந்தால் அது குற்றச்சாட்டு. அனுப்பிய செய்தியைத் தோழி பார்த்தும் பதில் போடவில்லை என்று வையுங்கள். முதலில் விரல் போவது “கோபம்”, அடுத்து “ஒதுக்கப்பட்டேன்”. யாரால்? தோழியால். அங்கேயே நின்றால் வாயில் வருவது, “உனக்கு நான் ஒரு பொருட்டே இல்ல!” சண்டைதான். இன்னொரு முறை நடுவட்டத்துக்கு வந்து தேடினால், இந்த நட்பு விட்டுப்போகுமோ என்ற பயம் கைக்கு அகப்படும். “நீ பேசலைன்னதும் பயமா இருந்துச்சு” என்ற வாக்கியத்துக்கு எதிராளியால் பதில் சொல்ல முடியும்.

பெயரிடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: உளவியலாளர் மேத்யூ லிபர்மன் குழு 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சி பொங்கும் முகப்படங்களுக்குப் பொருத்தமான உணர்ச்சிச் சொல்லைத் தேர்ந்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது; அதே முகத்துக்கு ஆண் பெயரா பெண் பெயரா என்று தேர்ந்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. ஆனாலும் கோபம் உச்சத்தில் இருப்பவர் முன் சக்கரத்தை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் அது கேலியாகப் படும், அட்டை கிழியும். மூச்சு சீரான பிறகு போதும்.

எந்தச் சக்கரத்திலும் இல்லாத ஒன்று காரணம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சியை, எட்டாக வகுத்ததோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் தருகிறது: அழுகைக்கு இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. உணர்ச்சியின் பெயரோடு அதன் தூண்டுதலையும் எழுதச் சொல்லும் தாள்கட்டு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். இல்லையென்றால் பக்கத்தில் நீங்களே ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுத் தரத்தைப் பொறுத்தவரை, ஏ4க்குக் குறைந்த அளவில் வெளிவட்டச் சொற்கள் எறும்பு எழுத்தாகிவிடும். இடதுபாதியில் எழுத்து தலைகீழாக நிற்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டினால் கழுத்து வலிக்கும். பளபளப்பான லேமினேஷன் விளக்கொளியில் கண்ணாடி போல மின்னும், மங்கலான பூச்சே நல்லது. ஆனால் வெண்பலகைப் பேனாவால் எழுதித் துடைப்பதானால் பளபளப்பான பூச்சே வசதி, மங்கலானதில் கறை தங்கலாம். இரண்டு தட்டு சுழலும் அட்டையில் நடுத்துளைக்கு உலோக வளையம் இல்லாவிட்டால் துளை சீக்கிரமே கிழியும். வண்ணத்தை மட்டுமே நம்பிப் பகுதிகளைப் பிரித்த சக்கரம், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்குக் கைகொடுக்காது. கோடும் சொல்லும் தெளிவாக இருக்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்குச் சொல் நிறைந்த சக்கரம் வேண்டாம், நான்கைந்து முகங்கள் போதும். வாங்குமுன் பயத்துக்கும் வியப்புக்கும் போட்ட முகங்களின் புருவத்தைப் பாருங்கள். வியப்பில் புருவம் வில்லாக உயரும். பயத்தில் உயர்வதோடு ஒன்றையொன்று நெருங்கி நெற்றி நடுவில் சுருக்கம் விழும். இரண்டுக்கும் வாய் பிளந்த ஒரே முகத்தைப் போட்டிருந்தால் அந்தப் படத்தை வாங்காதீர்கள்.