ரோபோ பித்தப்பை அறுவையில் நாளத்தைக் காட்டுவது எது: பச்சை ஒளிர்வா, எக்ஸ்-ரே படமா?

பித்தப்பையை எடுக்கும்போது வெட்ட வேண்டியவை இரண்டுதான்: பித்தப்பையிலிருந்து இறங்கும் சிறு நாளம், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி. பக்கத்திலேயே ஓடும் பொதுப் பித்தநாளத்தைத் தொடவே கூடாது. இவையெல்லாம் கொழுப்புக்கும் வீக்கத்துக்கும் அடியில் சில சென்டிமீட்டருக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கும். பொது நாளத்தைச் சிறு நாளம் என்று எண்ணி கிளிப் போட்டு வெட்டிவிட்டால், கல்லீரலிலிருந்து வரும் நாளத்தைக் குடலோடு இணைக்கும் பெரிய அறுவை வரை போக வேண்டிவரும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு 252 நாளக் காயங்களை அலசியது. அவற்றில் 97 சதவீதம் கை தவறியதால் வந்தவை அல்ல. கண் ஏமாந்ததால் வந்தவை.

ரோபோ வந்தால் இது சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டு மாதிரி வளையும் கருவி எல்லாம் இருக்கிறதே. ஆனால் 2023-இல் வெளியான அமெரிக்க மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஆய்வில், பத்து லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளிடையே, ரோபோ அறுவையில் நாளக் காயம் 0.7 சதவீதம், சிறு துளைகள் வழியாகக் கையால் கருவிகளை இயக்கும் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் 0.2 சதவீதம். அதனால்தான் ரோபோவோடு நாளங்களைக் காட்டும் எந்த வரைபடத்தைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் பச்சை ஒளிர்வு. ஐசிஜி என்று சுருக்கமாகச் சொல்லும் இண்டோசயனின் கிரீன் சாயம் 1950-களிலிருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. கை நரம்பில் (சிரையில்) செலுத்தினால் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்; கல்லீரல் மட்டுமே அதை எடுத்து, மாற்றம் எதுவும் செய்யாமல் பித்தநீரில் விட்டுவிடும். சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி பட்டால் அது சுமார் 830-இல் ஒளிரும். அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரோபோவின் கேமரா அதைப் பிடித்துத் திரையில் பச்சையாகக் காட்டும். மருத்துவர் ரோபோவை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்தபடியே காட்சியை மாற்றிக்கொள்ளலாம். கதிர்வீச்சு கிடையாது, எதையும் வெட்டத் தேவையில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்தது, பிரித்தெடுக்கத் தொடங்கும் முன்பே நாளம் எங்கே போகிறது என்று பார்க்க முடிவதுதான். 2019-இல் 639 நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில், பிரித்தெடுக்கும் முன்பும் பின்பும், வெறும் வெள்ளை வெளிச்சத்தைவிட ஒளிர்வில் நாளங்கள் தெளிவாக அடையாளம் தெரிந்தன.

ஆனால் சாயத்தை எப்போது கொடுத்தோம் என்பது படத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். பலரும் கொடுப்பது 2.5 மில்லிகிராம். அறுவைக்குச் சற்று முன்னால் கொடுத்தால் கல்லீரலே பளபளவென எரியும். அதன் முன்னால் மெல்லிய நாளம் கரைந்துபோகும். சில மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டால் கல்லீரல் மங்கிவிடும், நாளம் தனியாகத் தெரியும். அன்றைக்கே வந்து அன்றைக்கே போகும் நோயாளிக்கு இதைத் திட்டமிடுவது கடினம். சிலர் நீர்த்த சாயத்தை நேரடியாகப் பித்தப்பைக்குள்ளேயே ஏற்றுகிறார்கள். அப்போது கல்லீரல் தொந்தரவு இல்லை. ஆனால் கொஞ்சம் சிந்தினாலும் எல்லாம் பச்சையாகிவிடும். சிறு நாளத்தில் கல் அடைத்திருந்தால் சாயம் கீழே இறங்காது. இவற்றில் நான் தேர்ந்தெடுப்பது முன்கூட்டியே நரம்பில் கொடுக்கும் முறைதான். அப்புறம் தமனியும் தெரிய வேண்டுமென்றால் அறுவையின் நடுவே இன்னொரு சிறு அளவு கொடுக்கலாம். நாளத்துக்குப் போவதற்குள் இரத்தத்தில் இருக்கும் சாயம் தமனியைக் காட்டிவிடும்.

இனி இதன் பெரிய குறை. அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரைதான் ஊடுருவும். தடித்த கொழுப்போ கடுமையான அழற்சியோ இருந்தால், அதாவது வரைபடம் மிக அவசியமான நேரத்தில், ஒளி மங்கிவிடும். அங்கே ‘பச்சை தெரியவில்லை, ஆகவே நாளம் இல்லை’ என்று முடிவெடுப்பதுதான் ஆபத்து. ஒளிராதது வெட்டத் தகுந்தது என்று பொருளே இல்லை. வழக்கமான தயாரிப்பில் அயோடைடு இருப்பதால், அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களிடம் எச்சரிக்கையும் தேவை.

எக்ஸ்-ரே படம், அதாவது கொலாஞ்சியோகிராம், இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் மிரிசி 1931-இலேயே செய்துகாட்டியது. சிறு நாளத்தில் ஒரு கீறல் போட்டு, குழாய் நுழைத்து, எக்ஸ்-ரேயில் தெரியும் வேறொரு சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். கல்லீரலுக்குள் பிரியும் கிளைகளிலிருந்து குடலில் திறக்கும் வாய் வரை முழு மரமும் தெரியும். கொழுப்பும் வீக்கமும் அதை மறைக்காது. நாளத்துக்குள் கல் இருந்தால் சாயத்தின் நடுவே இடைவெளியாகத் தெரியும். கசிவு இருந்தால் வெளியே வழியும். பொது நாளக் கல்லை ஐசிஜி இப்படி நம்பிக்கையாகக் காட்டாது.

ரோபோவோடு சேரும்போதுதான் சிக்கல். நோயாளி மேல் பல கைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்-ரே கருவி நுழைய வேண்டும், சில நேரம் கைகளைக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும். ஈயக் கவசம், கதிர்வீச்சு, நேரம் எல்லாம் கூடும். தவிர, படம் வரும் முன்பே ஒரு நாளத்தைக் கீறியாக வேண்டும். அது பொது நாளமாக இருந்தால் ஓட்டை விழுந்துவிட்டது. ஆனாலும் அந்தப் படம் முழு வெட்டாகாமல் தடுத்துவிடும்; சிறு கீறலைத் தைத்துவிடலாம்.

லேப்ராஸ்கோப்பி அல்ட்ராசவுண்டும் உண்டு. கதிர்வீச்சில்லாமல் கல்லைப் பார்க்க நல்லது. ஆனால் படிக்கப் பழகிய கண் வேண்டும் என்பதால் பரவலாகவில்லை.

இவை எதுவும் 1995-இல் அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க்கின் குழு வகுத்த பாதுகாப்புக் காட்சிக்கு மாற்றல்ல. நாளமும் தமனியும் இருக்கும் முக்கோணப் பகுதி கொழுப்பும் நாரும் நீங்கிச் சுத்தமாக வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து விலக வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் நுழைவது தெரிய வேண்டும். அதன் பிறகே கிளிப். நாளக் காயம் ஆயிரத்தில் சிலருக்கே நேர்வதால், ஒளிர்வு காயத்தைக் குறைக்கிறது என்று நிறுவ ஆயிரக்கணக்கானோர் கொண்ட சோதனைகள் வேண்டும். இப்போதைக்கு அதன் பலம், நாளம் நன்றாகத் தெரிகிறது என்பதே.

சரி, எதைத் தேர்வது? ரோபோ அறுவையில் ஐசிஜியை எல்லோருக்கும் வழக்கமாக்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வாமை மட்டும் விலக்கு. இரத்தத்தில் பிலிருபின் என்ற பித்த நிறமி ஏறியிருந்தாலோ, பொது நாளம் விரிந்திருந்தாலோ, காயம் பட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலோ, நேரத்தைப் பார்க்காமல் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இரண்டும் உதவாத அளவுக்கு எல்லாம் ஒட்டிக்கிடந்தால், பித்தப்பையின் கழுத்துப் பகுதியை அப்படியே விட்டு மீதியை மட்டும் எடுக்கலாம். பின்னர் பித்தநீர் கசியக்கூடும். ஆனால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்து அதை அடக்கிவிடலாம். வெட்டுப்பட்ட பொது நாளத்துக்கு அப்படியொரு எளிய வழி இல்லை.