மென்பவளத் தொட்டிக்கு சீகெம் மேட்ரிக்ஸ் சரிப்படுமா?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளை ஒரு சுற்று சுற்றினால், வடிகட்டியில் நல்ல பாக்டீரியா வளரப் போடும் பயோ பால் (பிளாஸ்டிக் உருண்டை), செராமிக் ரிங் எல்லாமே கிடைக்கும், ஆனால் மென்பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு நான் சீகெம் நிறுவனத்தின் மேட்ரிக்ஸ்தான் வாங்கிப் போட்டேன், முழுத் திருப்தி. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பயோ பாலிலும் நன்றாகவே வளரும். ஆனால் வேலை அதோடு நின்றுவிடும், நைட்ரேட் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டே போகும். மேட்ரிக்ஸ் துளைகள் நிறைந்த கல், அதன் உள்ளே ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேறு வகை பாக்டீரியா குடியேறி நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். உடனே நடக்காது, பொறுமை வேண்டும்.

சம்ப்பில் (தண்ணீரை வடிகட்டும் தனித் தொட்டி) மேட்ரிக்ஸுக்கு முன்னால் கட்டாயம் பஞ்சு வையுங்கள், அழுக்கு போய்த் துளைகளை அடைத்தால் போட்ட காசு வீண். அப்புறம், கழுவக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியில் எடுத்த உப்புநீரிலேயே அலசுங்கள்.

விலை செராமிக் ரிங்கைவிட அதிகம்தான். அதற்காக, இதற்குப் பதிலாகக் கடலில் உடைத்து எடுத்த பவளப்பாறையை யாராவது மலிவாக நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள், கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எந்த வடிகட்டி மீடியா போட்டாலும் சரி, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும்வரை மீன் விடாதீர்கள்.